காமாலை வந்த வீட்டில் ஒரு கர்ப்பிணி: ஹெபடைடிஸ் ஈ குறித்த கேள்விக்கு மருத்துவரின் பதில்

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. எங்கள் ஊரில் சிறிய மெஸ் நடத்துகிறார். பத்து நாள்களுக்கு முன் காய்ச்சலும் வாந்தியுமாகத் தொடங்கி, பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) 9 என்றும், ஹெபடைடிஸ் ஈ என்ற கல்லீரல் வைரஸ் தொற்றுக்கான ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் சோதனை) பாசிட்டிவ் என்றும் வந்திருக்கிறது. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்குக் காமாலை. நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். அப்படியிருந்தும் எப்படி வந்தது? ஒன்றரை மாதத்துக்கு முன் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். சில நாள்கள் குழாயில் கலங்கலாக வந்தது. அதனால் இருக்குமா? என் மாமியார் எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பச்சிலை மருந்து கொடுக்கும் ஊருக்கு அழைத்துப் போக வேண்டும் என்கிறார். தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். இதற்குத் தடுப்பூசி உண்டா? என் நாத்தனார் ஏழு மாதக் கர்ப்பிணி, வளைகாப்பு முடிந்து மூன்று வாரமாக எங்களோடு இருக்கிறாள். அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் எழுதியிருப்பதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் வயதில், வேறு கல்லீரல் நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு வரும் ஹெபடைடிஸ் ஈ பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். ஆனால் அதே கிருமி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் ஒரு பெண்ணைத் தாக்கினால், நோயின் குணமே மாறிவிடுகிறது. சாதாரணமாக இந்தக் காமாலை வந்தவர்களில் நூற்றுக்கு ஓரிருவர் இறப்பதே அரிது. கடைசி மூன்று மாதங்களில் உள்ள கர்ப்பிணிகளில் 20 முதல் 25 விழுக்காடு வரை உயிரிழக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்லீரல் திடீரெனச் செயலிழப்பது, இரத்தம் உறையாமல் போவது, குறைமாதத்தில் பிரசவம் ஆவது, குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆகிய எல்லாமே இதில் நேர்கின்றன. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உங்கள் வீட்டில் இப்போது எல்லோருடைய கவனமும் படுத்திருப்பவர் மீது இருக்கிறது. அதில் பாதியையாவது நாத்தனார் குடிக்கும் தண்ணீரின் மீது திருப்புங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறேன்.

இன்றே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாத்தனாரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம், வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் ஈ உறுதியாகியிருக்கிறது என்பதை அறிக்கையின் நகலோடு சொல்லுங்கள். நாத்தனார் வாய்க்குள் போகும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும், பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும் தண்ணீர் உட்பட, கொதிக்க வைத்ததாக இருக்கட்டும். உங்கள் கணவர் பயன்படுத்தும் கழிப்பறையை அவர் பயன்படுத்தாமல் இருக்க வழி உண்டா என்று பாருங்கள். வழியில்லை என்றால், ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிக் கழுவியபின் கைப்பிடி, குழாய், வாளியின் விளிம்பு ஆகியவற்றைக் கிருமிநாசினியால் துடைத்துவிடுங்கள். அந்த வேலையையும் நோயாளியின் துணிகளைத் துவைக்கும் வேலையையும் அவர் செய்ய வேண்டாம். அவருடைய புகுந்த வீடு வேறு ஊரில், வேறு குடிநீர் வழங்கலில் இருந்து, பக்கத்தில் பெரிய மருத்துவமனையும் இருக்குமானால், சில வாரங்களுக்கு அங்கே திரும்பிப் போய் இருப்பது நல்லது. தாய்வீட்டுக்கு வந்த பெண்ணை அனுப்புவதா என்ற தயக்கம் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது அதைவிடப் பெரிய காரணம் நம் முன்னால் இருக்கிறது.

அவருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்குமா என்பது நியாயமான கேள்வி. இந்தக் கிருமி உடலுக்குள் போனபின் நோயாக வெளிப்பட இரண்டு வாரம் முதல் பத்து வாரம் வரை ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து, ஆறு வாரம். உங்கள் கணவரின் காய்ச்சல் தொடங்கி பத்து நாள் ஆகிறது, தெருவைத் தோண்டியது ஒன்றரை மாதத்துக்கு முன் என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து வாரம் வருகிறது, கணக்குப் பொருந்துகிறது. நாத்தனார் வந்தது அதற்குப் பிறகு என்பதால், கலங்கல் தண்ணீர் வந்த அந்த நாள்களில் அவர் இங்கே இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் தோண்டிய இடத்தில் உடைப்பு சரியாக அடைக்கப்பட்டதா என்பது யாருக்கும் தெரியாதவரை, தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதை வைத்து மட்டும் நிம்மதியடைய முடியாது. ஆகவே அடுத்த பத்து வாரத்துக்கு அவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனியுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் நின்றுபோன வாந்தி மறுபடி வருவது, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, இதுவரை இல்லாத அசதி, வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போவது, உடல் அரிப்பு, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், ‘மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் யாரும் சமாதானம் சொல்ல விடாதீர்கள். அன்றே கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்ய வேண்டும். மகப்பேறுப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். பல மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளே அப்படிப்பட்டவை. வழியில் சின்னச் சின்ன மருத்துவமனைகளில் நேரம் செலவழிவதுதான் இந்த நோயில் பல தாய்மார்களை நாம் இழக்கக் காரணமாகிறது. இந்தக் கிருமிக்கு எதிராக வேறு சில நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்படும் ரிபாவிரின் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க முடியாது. வயிற்றில் வளரும் குழந்தைக்கு அது ஊறு செய்யும். ஆகவே வரவிடாமல் தடுப்பதும், வந்தால் சீக்கிரம் கண்டுகொள்வதும் மட்டுமே நம் கையில் இருக்கின்றன.

கேன் தண்ணீர்தானே குடிக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் சொல்லியிருக்கின்றன. அவர்களிடம் நான் சமையலறையைப் பற்றித்தான் கேட்பேன். காலையில் அரைக்கும் தேங்காய்ச் சட்னிக்கு எந்தத் தண்ணீர்? தயிரைக் கடைந்து மோராக்கும்போது ஊற்றுவது எது? கொத்தமல்லியையும் புதினாவையும் அலசி அப்படியே பச்சையாகத் தூவுகிறோமே, அலசியது எங்கே? சாம்பாரும் ரசமும் கொதிக்கின்றன, அவற்றால் ஆபத்தில்லை. சட்னியும் மோரும் பச்சடியும் கொதிப்பதில்லை. கேன் தண்ணீரைப் பிடிக்கும் செம்பைக் குழாயடியில் கழுவி ஈரத்தோடு வைப்பதும், குழந்தைகள் குளிக்கும்போது ஒரு வாய் குடித்துவிடுவதும் இதே கணக்கில் சேரும். இன்னொரு பழக்கம் நம் வீடுகளில் உண்டு: தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, சூடு தாங்காமல் அதில் பச்சைத் தண்ணீரை விளாவிக் குடிப்பார்கள். கொதிக்க வைத்த பயன் அந்த நொடியிலேயே போய்விடுகிறது. உங்கள் கணவர் மெஸ் நடத்துகிறவர் என்பதால், வீட்டில் எதைக் குடித்தாலும் நாள் முழுக்க அவர் ருசி பார்ப்பதும் குடிப்பதும் கடைத் தண்ணீராக இருக்கும். அங்கே எந்தத் தண்ணீர் புழங்குகிறது என்பதையும் பாருங்கள்.

இந்தக் கிருமி நோயாளியின் மலத்தில் வெளியேறி, சாக்கடை வழியாகக் குடிநீருக்குள் புகுந்து, அடுத்தவரின் வாய் வழியே உள்ளே போகிறது. நம் நாட்டில் பரவும் வகைக்கு மனிதர்களே இருப்பிடம். பன்றி, காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றின் சரியாக வேகாத இறைச்சியிலிருந்து பரவும் வகைகள் ஐரோப்பாவிலும் கிழக்கு ஆசியாவிலும் அதிகம். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் நோய்க்குறி தெரிவது சுமார் 33 லட்சம் பேருக்கு. அறிகுறியே இல்லாமல் வந்து போகிறவர்கள், அதிலும் சிறு குழந்தைகள், மிக அதிகம். காமாலையாக வெளிப்படுவது பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் உள்ளவர்களிடம்தான்.

தெருவைத் தோண்டியதற்கும் காமாலைக்கும் தொடர்பு இருக்குமா என்ற உங்கள் ஊகம் மிகச் சரியான திசையில் இருக்கிறது. நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுக்க வருவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றிரண்டு மணி நேரம் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால், விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். நிறுத்தியவுடன் அழுத்தம் போய்விடுகிறது. அப்போது அதே விரிசல் வழியாக மண்ணில் தேங்கியிருப்பது உள்ளே வருகிறது. பக்கத்தில் சாக்கடைக் குழாயோ, நிரம்பி வழியும் செப்டிக் டேங்க்கோ இருந்தால் உள்ளே வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் நாமும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்கிறோம். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டாரைப் போட்டு உறிஞ்சும்போது, தெருக்குழாயில் உள்ள ஒவ்வொரு ஓட்டையும் வெளியிலிருப்பதை இழுக்கத் தொடங்குகிறது. ஒரு வீட்டில் ஓடும் மோட்டார் அந்தத் தெரு முழுவதற்கும் சாக்கடையைக் கொண்டுவரக்கூடும். உங்கள் தெருவில் அந்த வழக்கம் இருந்தால், நோய் வந்திருக்கும் இந்த நேரத்திலாவது பேசி நிறுத்துங்கள். சட்டப்படியும் அது குற்றம்தான்.

இந்த நோயின் வரலாறே இப்படிப்பட்ட ஒரு கலப்பில்தான் தொடங்குகிறது. 1955-இல் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆற்றின் போக்கு மாறி, நஜஃப்கட் வடிகாலின் கழிவுநீர், டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் வசீராபாத் நிலையத்தை நோக்கித் திரும்பியது. கலப்பு நடந்தது நவம்பரில். காமாலை நோயாளிகள் குவியத் தொடங்கியது டிசம்பரில். 1956 ஜனவரி முடிவதற்குள் சுமார் 29,000 பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. அதை விரிவாக ஆராய்ந்து எழுதிய டாக்டர் ஆர். விஸ்வநாதன் பதிவு செய்த ஒரு செய்தி இன்றைக்கும் நமக்கு முக்கியம்: அந்த நாள்களில் டெல்லியில் டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் வழக்கத்துக்கு மேல் கூடவில்லை. தண்ணீர் கெட்டிருப்பது தெரிந்து நிலையத்தில் குளோரினைக் கூட்டியிருந்தார்கள். பாக்டீரியாக்களுக்கு அது போதுமானதாக இருந்தது, கலங்கல் நீரில் மறைந்திருந்த இந்த வைரசுக்குப் போதவில்லை. ஆகவே உங்கள் ஊர் தண்ணீரை எடுத்துப்போய்ப் பரிசோதித்து, ‘கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) இல்லை’ என்று ஓர் அறிக்கை வந்தால், அது நல்ல செய்திதான் என்றாலும், அதை வைத்துக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

டெல்லியில் நடந்ததை அப்போது ஹெபடைடிஸ் ஏ என்றே கருதினார்கள். 1978-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் சுமார் 52,000 பேருக்குக் காமாலை வந்து ஏறத்தாழ 1,700 பேர் இறந்தபோது, அங்கே பணியாற்றிய டாக்டர் முகம்மது சுல்தான் குரூ, இறந்தவர்களில் கர்ப்பிணிகள் ஏன் இவ்வளவு பேர் என்று கேட்டார். ஹெபடைடிஸ் ஏ அப்படிக் கர்ப்பிணிகளைக் குறிவைப்பதில்லை. அவருடைய ஆய்வு 1980-இல் வெளிவந்தது. அதே ஆண்டு, டெல்லியில் அன்று சேகரித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்ததிலும் அது ஹெபடைடிஸ் ஏ அன்று என்பது தெரிந்தது. 1983-இல் மாஸ்கோவைச் சேர்ந்த மிகைல் பலாயன், நோயாளிகளின் மலச்சாற்றைத் தானே விழுங்கி, தனக்கும் காமாலை வந்த பிறகு, தன் மலத்தில் இந்தக் கிருமியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். இன்று உங்கள் கணவரின் அறிக்கையில் ஒற்றை வரியாக இருக்கும் அந்த ஐஜிஎம் முடிவுக்குப் பின்னால் இவ்வளவு பேரின் நோயும் இறப்பும் உழைப்பும் இருக்கின்றன. கர்ப்பிணியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதும் காஷ்மீர்ப் பெண்களின் இறப்பிலிருந்து மருத்துவம் கற்றுக்கொண்டதால்தான்.

இனி உங்கள் கணவருக்கு வருகிறேன். பிலிருபின் 9 என்ற எண் வீட்டில் எல்லோரையும் கலங்கச் செய்திருக்கும். காமாலையில் பிலிருபினையே துரத்திக்கொண்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை பரிசோதனை செய்து, அது 9-இலிருந்து 11 ஆனதும் அழுகிற குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கல்லீரல் வீக்கம் அடங்கி, பசி திரும்பி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி இறங்கத் தொடங்கிய பிறகும் பிலிருபின் சில நாள்கள் ஏறலாம். மஞ்சள் நிறம் கண்ணை விட்டுப் போவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். நாங்கள் உண்மையில் அஞ்சுவது வேறு இரண்டைப் பார்த்துத்தான்: இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பிடி-ஐஎன்ஆர், நோயாளியின் அறிவுத் தெளிவு. ஐஎன்ஆர் பார்த்திருக்கிறார்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், 1.5-ஐத் தாண்டினால் அவர் வீட்டில் இருக்கக் கூடாது. பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பது, கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பேசுவது, பழக்கமான பெயர்களை மறப்பது, காரணமில்லாத எரிச்சல், ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருப்பாக மலம் போவது, வயிறு உப்புவது, எதுவும் தங்காத அளவுக்கு வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். நெடுநாள் மதுப்பழக்கமோ, ஹெபடைடிஸ் பி, சி போன்ற பழைய கல்லீரல் நோயோ அவருக்கு இருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே நலிந்த கல்லீரல்மீது இந்தத் தொற்று வந்தால் விளைவு கடுமையாக இருக்கும். நம் நாட்டில் அப்படிக் கல்லீரல் செயலிழப்பவர்கள் கணிசமாக உள்ளனர்.

உங்கள் மாமியாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். மகன் படுத்திருக்கும்போது தாய்க்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: எண்ணெயும் உப்பும் இல்லாத பத்தியத்தால் கல்லீரல் சீக்கிரம் ஆறுவதில்லை; ஏற்கெனவே பசியில்லாத மனிதர் இன்னும் குறைவாகச் சாப்பிட்டு மெலிந்துபோகிறார். குமட்டல் இருக்கும் நாள்களில் எண்ணெயில் பொரித்தது தானாகவே பிடிக்காது, அவ்வளவுதான். இட்லி, குழைந்த சாதத்தில் பருப்பும் ஒரு கரண்டி நெய்யும், தயிர், வேகவைத்த முட்டை, பழம் என்று பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். காலையில் குமட்டல் குறைவாக இருக்கும். பெரிய சாப்பாட்டை அப்போது கொடுத்தால் உள்ளே போகும். கரும்புச்சாறு காமாலைக்கு நல்லது என்று வண்டிக் கடையில் வாங்கி, அதில் எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்று தெரியாத ஐஸைப் போட்டுக் கொடுப்பது, நோய் வந்த வழியிலேயே மறுபடி போவதாகும்.

பச்சிலை மருந்தைப் பற்றி நான் மழுப்பாமல் சொல்ல விரும்புகிறேன். கீழாநெல்லியை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காமாலைக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். ஹெபடைடிஸ் ஈ நோய் நான்கு முதல் ஆறு வாரத்தில் தானே அடங்கும் இயல்புடையது. அந்த ஆறு வாரத்துக்குள் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். என் கவலை கீழாநெல்லிச் செடியைப் பற்றியதைவிட, அந்தப் பொட்டலத்தில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பற்றியது. பெயர் சொல்லாமல் கொடுக்கப்படும் சூரணங்களில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களும், சிலவற்றில் ஸ்டீராய்டும் கண்டறியப்பட்டுள்ளன. வீங்கியிருக்கும் கல்லீரல் இவற்றைத் தாங்காது. கண்ணில் சாறு பிழிவதும், கையில் சூடு வைப்பதும் இன்னமும் நடக்கின்றன; அவற்றுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இதே எச்சரிக்கை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் மாத்திரைகளுக்கும் பொருந்தும். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால் உட்பட எதையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம். மது முழுமையாகக் கூடாது. காமாலை மறைந்த பிறகும், கல்லீரல் பரிசோதனைகள் எல்லாம் இயல்புக்கு வந்து மருத்துவர் சொல்லும்வரை கூடாது.

தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, பெரிய பயனும் இல்லை. ஹெபடைடிஸ் ஏ அளவுக்கு இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நேரடியாகப் பரவுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால், பெரும்பாலும் எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடித்ததே காரணம். உங்கள் கணவரை ஓர் அறையில் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. குழந்தைகள் பக்கத்தில் உட்காரலாம். காமாலை தெரிந்ததிலிருந்து மூன்று நான்கு வாரம்வரை மலத்தில் கிருமி வெளியேறும் என்பதால், கழிப்பறைக்குப் போய் வந்தபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெறும் தண்ணீரில் கைகழுவுவது போதாது.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைப்பதுதான் வீட்டளவில் நிச்சயமான பாதுகாப்பு. கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். இரண்டு மூன்று நிமிடம் விட்டால் கூடுதல் உறுதி, அதற்கு மேல் கேஸை வீணாக்க வேண்டாம். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, கைபடாமல் நீண்ட கைப்பிடி உள்ள கரண்டியால் எடுங்கள். ஆர்ஓ கருவி சரியாகப் பராமரிக்கப்பட்டால் வைரசைத் தடுக்கும். ஆனால் சவ்வு எப்போது மாற்றப்பட்டது என்று பல வீடுகளில் யாருக்கும் தெரியாது, ஆகவே நாத்தனாருக்கு அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கேன் தண்ணீரையும் இந்த மூன்று மாதத்துக்குக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

அடுத்து உங்கள் வீட்டின் தரைத்தொட்டி. கலங்கல் தண்ணீர் வந்த நாள்களில் அது நிரம்பியிருந்தால், அடியில் படிந்த வண்டல் இன்னும் அங்கேதான் இருக்கும். அதை முழுக்க இறைத்து, வண்டலைச் சுரண்டி, சுவர்களைத் தேய்த்துக் கழுவியபின் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட்டுப் பயன்படுத்துங்கள். திறந்து வைத்த மூட்டையில் பவுடரின் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதால் புதிதாக வாங்குங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இந்த அளவு போதாது. முதலில் தெளிய வைக்க வேண்டும். டெல்லியில் நடந்ததை இங்கே நினைவில் வையுங்கள்: குடிப்பதற்குக் குளோரின் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒரே தெருவில் மூன்று பேர் என்பதால் இது உங்கள் குடும்பத்தின் பிரச்சினை மட்டும் அன்று. நகராட்சியின் சுகாதார அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்; 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். மூன்று நோயாளிகளின் வயது, நோய் தொடங்கிய தேதி, வீட்டின் இடம், தெருவைத் தோண்டிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், உடைப்பைக் கண்டுபிடிப்பவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும். குழாயின் கடைசி வீட்டில், தண்ணீரில் மீதமுள்ள குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதமிருப்பது சாதாரண நாள்களுக்கான அளவு. நோய் பரவும் காலத்தில் 0.5 இருக்க வேண்டும். அந்தத் தெருவில் வேறு கர்ப்பிணிகள் யார் யார் என்று கிராம சுகாதார செவிலியர் அல்லது நகர்ப்புற செவிலியரிடம் கேட்டு, அவர்களுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வழி செய்யுங்கள். என் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

தடுப்பூசி கேட்டிருந்தீர்கள். ஹெகோலின் என்ற தடுப்பூசியைச் சீனாவில் உருவாக்கி 2011-இல் அனுமதி கொடுத்தார்கள். மூன்று தவணையாகப் போடுவது. 2022-இல் தெற்கு சூடானின் பென்டியு முகாமில் நோய் பரவியபோது முதல்முறையாக ஒரு கொள்ளை நோயைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்தினார்கள், கர்ப்பிணிகளுக்கும் போட்டார்கள். ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் நிலையில் அது இல்லை. ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசிகள் இதற்குப் பாதுகாப்புத் தராது. பி போட்டிருக்கிறோம், ஆகவே பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் நாட்டில் பரவும் வகை, வேறு குறைபாடில்லாத உடலில் நாள்பட்ட நோயாகத் தங்குவதுமில்லை. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு அப்படி நேர்வது பெரும்பாலும் பன்றி வழியாகப் பரவும் வகையால்.

கடைசியாக மெஸ். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. காமாலை தெரிந்த நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரத்துக்கு உங்கள் கணவர் சமைக்கவோ பரிமாறவோ கூடாது; உடல் தேறிவிட்டது என்று அவர் சொன்னாலும் கூடாது. வருமானம் நின்றுபோகும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. பணம் வாங்கும் மேசையில் உட்காருவதில் தடையில்லை, அசதி விட்டபின் அதைச் செய்யலாம். கடையைத் திறந்தால் மேசையில் வைக்கும் தண்ணீர், மோர், சட்னி மூன்றுக்கும் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். உடைப்பு சரியாகும்வரை பச்சடியையும் பச்சையாக நறுக்கிய வெங்காயத்தையும் நிறுத்திவையுங்கள். கடையில் வேலை செய்பவர்களில் யாருக்காவது சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா, பசி குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சம்பளத்தைப் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பி, அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் கணவருக்கு அடுத்த கல்லீரல் பரிசோதனையையும் ஐஎன்ஆரையும் இந்த வாரத்துக்குள் எடுத்து, அறிக்கைகளைத் தேதி வரிசையில் ஓர் உறையில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாத்தனாரின் அறிக்கைகளுக்கு வேறோர் உறை இருக்கட்டும்.